பச்சை ஹைட்ரஜன் மாஹுலுக்கு எப்போது வரும்?

மும்பையில் செம்பூர் நாக்காவிலிருந்து ஆர்.சி. மார்க் வழியே தெற்கே போனால், வாஷி நாக்காவுக்குப் பிறகு கடைகள் குறைந்து மதில் சுவர்கள் ஆரம்பிக்கும். ஆர்.சி.எஃப். உரத் தொழிற்சாலை, மாஹுலில் ஹெச்.பி.சி.எல்., பி.பி.சி.எல். என இரண்டு ரிஃபைனரிகள், கடலோரத்தில் டாடா பவரின் ட்ராம்பே அனல்மின் நிலையம், குன்றை ஒட்டி பாபா அணு ஆராய்ச்சி மையம். ரோட்டோரம் டேங்கர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். செம்பூர்க்காரர்கள் தங்கள் பேட்டையை ‘கேஸ் சேம்பர்’ என்று சொல்வது இன்று நேற்றல்ல, பல பத்தாண்டுகளாக. சேடா நகர் முருகன் கோவிலுக்கு வரும் பெரியவர்களில் பலர் இந்த மதில்களுக்கு உள்ளே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். அவர்களுக்குச் சோறு போட்டதும் இந்த ஆலைகள்தான், மூச்சை இழுக்க வைத்ததும் இந்த ஆலைகள்தான்.

இந்த ஆலைகளின் தலைமை அலுவலகங்களில் இப்போது அடிக்கடி அடிபடும் பெயர் பச்சை ஹைட்ரஜன். பாரத் பெட்ரோலியம், அதாவது பி.பி.சி.எல்., தன் சொந்தச் செயல்பாடுகளிலிருந்து வெளியாகும் கரியமில வாயுவை 2040-க்குள் நிகர அளவில் பூஜ்ஜியமாக்குவதாக அறிவித்திருக்கிறது. மத்தியப் பிரதேசம் பீனா ரிஃபைனரியில் 5 மெகாவாட் எலக்ட்ரோலைசர், கொச்சி விமான நிலையத்துக்கு 1,000 கிலோவாட் ஹைட்ரஜன் ஆலை, சிங்கப்பூரின் செம்ப்கார்ப்புடன் கூட்டு நிறுவனம், பெட்ரோல் பங்குகளில் மின்வாகன சார்ஜர்கள், சாண எரிவாயு என்று பட்டியல் நீள்கிறது. ஹெச்.பி.சி.எல். தன் பச்சை ஹைட்ரஜன் ஆலையை விசாகப்பட்டினத்தில் நிறுவியது. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட ரிலையன்ஸ் 2021-இல் 75,000 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. அதன் தொழிற்சாலைகள் எழுவது ஜாம்நகரில். பீனா, கொச்சி, விசாகப்பட்டினம், ஜாம்நகர் எல்லாம் வரைபடத்தில் இருக்கின்றன. மாஹுல் இல்லை.

ஏன் இல்லை, வந்தால் என்ன மாறும், எது மாறாது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஹைட்ரஜன் இந்தப் பேட்டைக்குப் புதியது இல்லை. கச்சா எண்ணெயில் கந்தகம் உண்டு. டீசலில் அது மிஞ்சினால் வண்டிப் புகையில் நச்சாக வெளிவரும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி வந்தபோது, டீசலில் அனுமதிக்கப்பட்ட கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. அந்தக் கந்தகத்தைப் பிரித்தெடுக்கும் வேலையைச் செய்வது ஹைட்ரஜன். கனமான எண்ணெயை உடைத்து டீசலாக்கும் ஹைட்ரோகிராக்கருக்கும் அதுவே தேவை. ஆக, நாடு முழுக்க வண்டிப் புகை கொஞ்சம் சுத்தமானதற்கு ரிஃபைனரிகளுக்குள் தயாராகும் ஹைட்ரஜன் ஒரு முக்கியக் காரணம்.

அந்த ஹைட்ரஜன் எப்படித் தயாராகிறது என்பதில்தான் சிக்கல். பெரிய உலைக்குள் நெட்டுக்குத்தாக நிற்கும் குழாய்கள். அவற்றுக்குள் நிக்கல் வினையூக்கி. இயற்கை எரிவாயுவையோ நாப்தாவையோ நீராவியோடு கலந்து அவற்றின் வழியே செலுத்துகிறார்கள். வெளியே பர்னர்கள் எரிந்து குழாய்களை 800 டிகிரிக்கு மேல் சூடாக்குகின்றன. உள்ளே மீத்தேன் உடைந்து ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் பிரிகின்றன. அடுத்த கட்டத்தில் கார்பன் மோனாக்சைடும் நீராவியும் சேர்ந்து இன்னும் கொஞ்சம் ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் தருகின்றன. முடிவில் 1 கிலோ ஹைட்ரஜனுக்குச் சுமார் 9 முதல் 10 கிலோ கரியமில வாயு வானத்துக்குப் போகிறது. இதற்குத்தான் சாம்பல் ஹைட்ரஜன் என்று பெயர். இந்தியா ஆண்டுக்குச் செலவிடும் சுமார் 50 லட்சம் டன் ஹைட்ரஜனில் ஏறக்குறைய முழுவதும் இந்த வகைதான். அதில் பெரும்பகுதியை உட்கொள்பவை ரிஃபைனரிகளும் உர ஆலைகளும். செம்பூரில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன.

ஹைட்ரஜன் அபாயமானது என்பதையும் பேட்டை மறக்கவில்லை. 2018 ஆகஸ்ட் 8 பிற்பகல் பி.பி.சி.எல்.-லின் ஹைட்ரோகிராக்கர் பகுதியில் வெடிவிபத்து. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். கிலோமீட்டர்கள் தள்ளி இருந்த வீடுகளிலும் ஜன்னல் அதிர்ந்ததைச் செம்பூர்வாசிகள் இன்றைக்கும் சொல்வார்கள்.

பக்கத்துக் காம்பவுண்டில் இருக்கும் விடை

பச்சை ஹைட்ரஜன் வேறு வழி. தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சிப் பிரிப்பது. அந்த மின்சாரம் சூரியனிலிருந்தோ காற்றிலிருந்தோ வர வேண்டும். மத்திய அரசு 2023 ஆகஸ்டில் வகுத்த அளவுகோலின்படி, 1 கிலோவுக்கு 2 கிலோ கரியமில வாயுவுக்குள் இருந்தால்தான் பச்சை. இதற்காக 2023 ஜனவரி 4 அன்று அமைச்சரவை 19,744 கோடி ரூபாயில் தேசியப் பச்சை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்பது இலக்கு.

எலக்ட்ரோலைசர் என்பது அடுக்கி வைத்த தட்டுகள்தான். நிக்கல் மின்முனைகள், நடுவே ஒரு சவ்வு, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல். ஒரு பக்கம் ஹைட்ரஜன் குமிழ், மறுபக்கம் ஆக்சிஜன் குமிழ். இந்த அல்கலைன் எலக்ட்ரோலைசர் தொழில்நுட்பத்தை பாபா அணு ஆராய்ச்சி மையம் உள்நாட்டிலேயே உருவாக்கியது. அதைத் தொழிற்சாலை அளவுக்குப் பெரிதாக்க 2021 டிசம்பரில் பி.பி.சி.எல். அந்த மையத்தோடு கைகோத்தது. உருவாக்கியவர்களும் பயன்படுத்த வேண்டியவர்களும் ஒரே ட்ராம்பேக் கரையில் இருக்கிறார்கள். அணுசக்தி நகரிலிருந்து மாஹுலுக்கு ஆட்டோவில் போய்விடலாம்.

பிறகு ஏன் தாமதம்? கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணங்கள் தெளிவாகத் தெரிகின்றன. அவற்றை மறைத்துவிட்டு நிறுவனத்தை மட்டும் திட்டுவது நியாயமாகாது.

பி.பி.சி.எல். மும்பை ரிஃபைனரி ஆண்டுக்கு 1.2 கோடி டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கக்கூடியது. இந்த அளவுள்ள நவீன ரிஃபைனரிக்கு நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான டன் ஹைட்ரஜன் தேவைப்படும். அதில் 100 டன்னை மட்டும் பச்சையாக்க நினைத்தால்? 1 கிலோவுக்கு ஏறத்தாழ 52 யூனிட் மின்சாரம். நாளைக்கு 52 லட்சம் யூனிட். இடைவிடாமல் 217 மெகாவாட். அதை முழுக்கச் சூரிய ஒளியிலிருந்து எடுக்க வேண்டுமானால் 870 மெகாவாட் பேனல்கள். மெகாவாட்டுக்கு 4 ஏக்கர் என்று வைத்தால் சுமார் 3,500 ஏக்கர். தாராவி மொத்தமே 600 ஏக்கர் சொச்சம். ஆறு தாராவிக்குச் சமமான நிலம் மும்பைக்குள் எங்கே இருக்கிறது?

ஆகவே மின்சாரம் வெளியிலிருந்து வர வேண்டும். அங்கேயும் முடிச்சு. மும்பைக்குள் வெளி மின்சாரத்தைக் கொண்டுவரும் கம்பிப் பாதைகள் வெகுகாலம் குறுகலாகவே இருந்தன. 2020 அக்டோபர் 12 காலை மின்சாரம் போய் லோக்கல் ரயில்கள் நடுவழியில் நின்றது நினைவிருக்கும். அதன் பிறகு, 2023 அக்டோபரில் கார்கர்–விக்ரோலி 400 கிலோவோல்ட் பாதை இயங்கத் தொடங்கி, நகருக்குக் கூடுதலாக சுமார் 1,000 மெகாவாட் கொண்டுவரும் வசதி வந்தது. வழி கொஞ்சம் திறந்திருக்கிறது.

ஒன்றைச் செய்யவே கூடாது. பக்கத்திலேயே மின்நிலையம் இருக்கிறதே என்று ட்ராம்பேயில் நிலக்கரி எரித்து வரும் மின்சாரத்தை எலக்ட்ரோலைசருக்குள் பாய்ச்சினால், பழைய முறையைவிட மோசமாகிவிடும். நாட்டின் பொது மின்தொகுப்பிலேயே யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு. அதை 52-ஆல் பெருக்குங்கள்: 1 கிலோ ஹைட்ரஜனுக்கு 36 கிலோ வரும். சாம்பல் ஹைட்ரஜனைப் போல நான்கு மடங்கு. எலக்ட்ரோலைசர் வாங்கிவிட்டோம் என்று படம் போடும் எந்த நிறுவனத்தையும், மின்சாரம் எங்கிருந்து வருகிறது, எந்த மணி நேரத்தில் வருகிறது என்று கேட்க வேண்டியது இதனால்தான்.

தண்ணீரைப் பற்றிப் பலரும் கவலைப்படுகிறார்கள். செம்பூரில் அந்தக் கவலை குறைவு. ஆர்.சி.எஃப். 2000-ஆம் ஆண்டிலிருந்தே மாநகராட்சியின் சாக்கடை நீரைச் சுத்திகரித்துத் தன் ஆலைக்குப் பயன்படுத்துகிறது; நாளைக்கு 2 கோடி லிட்டருக்கும் மேல் வாங்கும் கொள்ளளவு. பின்னர் இரண்டாவது நிலையமும் வந்து பி.பி.சி.எல்.-லும் அந்த நீரில் பங்கு பெற்றது. 100 டன் ஹைட்ரஜனுக்குக் குளிரூட்டல், கழிவு எல்லாம் சேர்த்தாலும் 20, 30 லட்சம் லிட்டர் போதும். தானே மாவட்டத்து ஏரிகளிலிருந்து குடிநீரைப் பறிக்காமல், நாம் குளித்துக் கழுவிய நீரிலிருந்தே ஹைட்ரஜன் எடுக்க முடியும். இந்தியாவில் இத்தனை வசதி ஒரே இடத்தில் அமைந்த ரிஃபைனரிப் பகுதிகள் அதிகம் இல்லை.

காசு எங்கே போகிறது

விலைக்கு வருவோம். இந்தியன் ஆயிலின் பானிபட் ரிஃபைனரிக்கு ஆண்டுக்கு 10,000 டன் பச்சை ஹைட்ரஜன் தரும் ஒப்பந்தம் எல் அண்ட் டி-க்குக் கிடைத்தது. விலை கிலோவுக்கு 397 ரூபாய். சாம்பல் ஹைட்ரஜன் சுமார் 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 100 டன்னுக்குக் கூடுதல் செலவு 2 கோடி ரூபாய்; ஆண்டுக்கு 700 கோடிக்குக் கொஞ்சம் மேல். பி.பி.சி.எல். 2024-25-இல் ஈட்டிய நிகர லாபம் 13,000 கோடி ரூபாய்க்கு மேல். அதற்கு முந்தைய ஆண்டு 26,000 கோடியைத் தாண்டியது. 700 கோடி சின்னத் தொகை அல்ல என்றாலும், நிறுவனத்தை முடக்கிப்போடும் தொகையும் அல்ல. பதிலுக்கு ஆண்டுக்கு 3 லட்சம் டன்னுக்கு மேல் கரியமில வாயு குறையும்.

நிறுவனம் தன் பணத்தை எப்படிப் பிரிக்கிறது என்பது அதன் மனத்தைக் காட்டும். ‘புராஜெக்ட் ஆஸ்பயர்’ என்ற பெயரில் ஐந்தாண்டுகளில் 1.7 லட்சம் கோடி ரூபாய் முதலீடு என்று அறிவித்தது பி.பி.சி.எல். இதில் சுமார் 75,000 கோடி ரிஃபைனரி, பெட்ரோகெமிக்கல் விரிவாக்கத்துக்கு. எண்ணெய் எடுப்பதற்கு 32,000 கோடி. நகர எரிவாயுவுக்கு 25,000 கோடி. பசுமை எரிசக்திக்கு 10,000 கோடி. நூற்றுக்கு ஆறு ரூபாய். பசுமைக்கு ஒதுக்கியது பொய்யில்லை. ஆனால் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் சந்தேகமும் இல்லை.

வெளிநாட்டில் இரண்டு போக்கும் உண்டு. மாஹுலில் இந்த ரிஃபைனரியை 1955-இல் தொடங்கியது பர்மா ஷெல், 1976-இல் அரசுடைமையானது. அந்தப் பழைய பங்காளியான ஷெல் 2022-இல் ராட்டர்டாமில் 200 மெகாவாட் எலக்ட்ரோலைசர் கட்ட முடிவெடுத்தது. அந்த ஹைட்ரஜன் போய்ச் சேர வேண்டிய இடம் ஷெல்லின் சொந்த ரிஃபைனரி. இதைத்தான் மாஹுலும் பார்க்க வேண்டும்: சாம்பல் ஹைட்ரஜன் பயன்படும் இடத்திலேயே பச்சையை இறக்க முடிவெடுத்தார்கள். ரிலையன்ஸோடு சேர்ந்து இங்கே பெட்ரோல் பங்க் நடத்தும் இன்னொரு பெரிய நிறுவனமான பி.பி., 2025 பிப்ரவரியில் பசுமை முதலீட்டை ஆண்டுக்கு 500 கோடி டாலருக்கும் மேல் வெட்டி எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் திரும்பியது. பங்குச் சந்தை முறைத்தால் பசுமை வாக்குறுதி எவ்வளவு சீக்கிரம் கரையும் என்பதற்கு அது சாட்சி. பி.பி.சி.எல். விஷயத்தில் பாதிக்கு மேற்பட்ட பங்கு மத்திய அரசிடம் இருக்கிறது. அரசு நினைத்தால் நிறுத்தி வைக்கலாம், முடுக்கியும் விடலாம்.

ஹைட்ரஜனை வீட்டு கேஸ் குழாயில் கலக்கும் யோசனையும் சுற்றி வருகிறது. சூரத் அருகே காவாஸில் என்.டி.பி.சி. 2023 ஜனவரியில் இதைத் தொடங்கியது. இந்தூரில் கெயில் 2022-லேயே சிறிய அளவில் கலந்து பார்த்தது. மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் உணவகங்களின் தோசைக்கல்லுக்கு அடியில் ஹைட்ரஜன் சுடர் என்றால் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கன அளவில் ஹைட்ரஜனின் சூடு இயற்கை எரிவாயுவில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. 8 சதவீதம் கலந்தால் மிச்சமாகும் கரியமில வாயு 3 சதவீதத்தை எட்டாது. இத்தனை மின்சாரம் செலவழித்து எடுத்ததை அடுப்பில் எரிப்பது வீண். வேறு வழியே இல்லாத இடத்துக்கு, அதாவது ரிஃபைனரிக்கும் உர ஆலைக்கும் அதை முதலில் கொடுக்க வேண்டும். உர ஆலையிலும் ஒரு நுணுக்கம் உண்டு: யூரியா செய்யக் கரியமில வாயுவே தேவை; அது பழைய முறை அமோனியா தயாரிப்பில் கிடைத்துவிடுகிறது. ஆகவே ட்ராம்பேயில் பச்சை அமோனியா முதலில் பொருந்துவது ‘சுஃபலா’ போன்ற கலப்பு உரங்களுக்குத்தான்.

மாஹுல் சுவாசிப்பது வேறு

இத்தனையும் நடந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மாஹுலில் குடியிருக்கும் ஒரு தாய்க்கு என்ன மாறும்? இந்தக் கேள்வியைத்தான் நிறுவனங்களின் பசுமை அறிக்கைகளில் காணமுடிவதில்லை.

கரியமில வாயுவுக்கு மணம் இல்லை. அது பூமிக்குச் சூடேற்றுகிறது. மாஹுலில் ஒரு குழந்தைக்கு இருமல் வர அது காரணம் அல்ல. அங்கே கண்ணை எரிய வைப்பது எண்ணெய்த் தொட்டிகளிலிருந்தும் வால்வுகளிலிருந்தும் டேங்கர் நிரப்பும் இடங்களிலிருந்தும் கசியும் ஆவி: பென்சீன், டொலுவீன் போன்றவை. பென்சீன் புற்றுநோய் தரக்கூடியது என்பது நெடுங்காலமாக நிலைநாட்டப்பட்ட உண்மை. கே.இ.எம். மருத்துவமனை நடத்திய ஆய்வில் மூன்றில் இரண்டு பேர் அடிக்கடி மூச்சுத் திணறுவதாகச் சொன்னார்கள். அந்த ஆய்வைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 டிசம்பர் தீர்ப்பில் கணக்கில் எடுத்தது. வழக்கைக் கொண்டுபோனவர்கள் இந்தக் கரையின் பூர்வகுடிகளான மாஹுல், அம்பாபாடா கோலி மீனவ மக்கள். 2020 ஆகஸ்டில் தீர்ப்பாயம் ஹெச்.பி.சி.எல்., பி.பி.சி.எல்., ஈஜிஸ் லாஜிஸ்டிக்ஸ், சீ லார்ட் கன்டெய்னர்ஸ் ஆகிய நான்கு நிறுவனங்களும் சேர்ந்து 286 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட உத்தரவிட்டது. நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம் போயின.

இதற்கிடையில் அரசு என்ன செய்தது? தான்சா குடிநீர்க் குழாயோரம் இருந்த குடிசைகளை அகற்றி, அங்கிருந்தவர்களை மாஹுல் அடுக்குமாடிகளுக்கு அனுப்பியது. வசிக்க முடியாது என்று அவர்கள் வித்யாவிஹாரில் ரோட்டோரம் மாதக்கணக்கில் போராட்டம் நடத்தினார்கள். 2019-இல் பம்பாய் உயர் நீதிமன்றம், மாஹுலில் தங்கக் கட்டாயப்படுத்தக் கூடாது, மாற்று வீடு தரும்வரை மாதம் 15,000 ரூபாய் வாடகை கொடுக்க வேண்டும் என்றது. நீதிமன்றமே வாழத் தகாது என்று பார்த்த இடம் அது.

தாராவித் தமிழர்கள் இதைக் கூர்ந்து கவனிக்க வேண்டிய காரணம் உண்டு. மறுசீரமைப்புத் திட்டத்தில் தாராவிக்குள்ளேயே வீடு பெறத் தகுதியற்றவர்கள் என்று கழிக்கப்படுவோருக்காக, 2024-இல் மாநில அமைச்சரவை தேவ்னார் குப்பைமேட்டில் 124 ஏக்கரை ஒதுக்கியது. தேவ்னார் செம்பூருக்கு அடுத்த பேட்டை. தோல் பதனிட்டும் இட்லி சுட்டு விற்றும் மூன்று தலைமுறையாகத் தாராவியில் வேர்விட்ட குடும்பங்கள், மேல்மாடியில் வாடகைக்கு இருந்தவர்கள், காகிதம் கிடைக்காதவர்கள் ஆகியோர் ஆலைகளும் குப்பையும் சூழ்ந்த இந்தக் கிழக்கு விளிம்புக்கு வர நேரிடலாம். மாஹுல் குழாயோர மக்களுக்கு நடந்தது கண்முன்னே இருக்கிறது. திட்டத்தைக் கட்டும் அதானி குழுமமே குஜராத்தில் பச்சை ஹைட்ரஜனும் செய்கிறது. எரிசக்தியில் பசுமை பேசுகிறவர்கள் மனிதர்களைக் குடியமர்த்தும்போதும் அந்தக் காற்றை அளந்து பார்க்கட்டும்.

கெடு விஷயத்திலும் ஒரு வேறுபாடு மனத்தை உறுத்துகிறது. 2025 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம், விறகும் கரியும் எரிக்கும் பேக்கரிகள் ஆறு மாதத்துக்குள் கேஸுக்கு மாற வேண்டும் என்றது. பாவ் சுடும் சின்ன அடுப்புகள். மாறுவது நல்லதுதான், அந்தப் புகையை முதலில் உள்ளிழுப்பவர்கள் அங்கே வேலை செய்பவர்கள். ஆனால் பேக்கரிக்கு ஆறு மாதம், ரிஃபைனரிக்கு 2040. உலையை மாற்றுவது அடுப்பை மாற்றுவதுபோல் எளிதல்ல என்பதை மேலே போட்ட கணக்கே காட்டுகிறது. அப்படியானால் 2027-இல் எவ்வளவு, 2030-இல் எவ்வளவு என்று மாஹுல் ரிஃபைனரிக்கென்று தனி அட்டவணை இருக்க வேண்டும். நிறுவனத்தின் மூன்று ரிஃபைனரிகளையும் கூட்டிச் சொல்லும் ஒற்றை எண் செம்பூருக்குப் பயன்படாது.

மாட்டுங்கா, செம்பூர் தமிழ்க் குடும்பங்களில் பி.பி.சி.எல்., ஹெச்.பி.சி.எல். பங்குகளை அப்பா காலத்திலிருந்து வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். டிவிடெண்டும் வருகிறது, ஆண்டுப் பொதுக்கூட்ட அழைப்பும் வருகிறது. கூட்டம் இப்போது இணையவழியில் நடப்பதால் கேள்வி கேட்க வீட்டைவிட்டு இறங்க வேண்டியதில்லை. பாபா மையத்தின் எலக்ட்ரோலைசரை முதலில் மாஹுலில் வைக்காதது ஏன், கார்கர்–விக்ரோலி பாதை வந்த பிறகும் வெளியிலிருந்து காற்றாலை மின்சாரம் ஒப்பந்தம் செய்ய என்ன தடை, தொட்டிகளின் ஆவியைப் பிடித்துத் திருப்பும் கருவிகள் எத்தனை தொட்டிகளில் பாக்கி? இந்த மூன்றையும் கேட்டால் கூட்டத்தின் பதிவில் பதிலும் ஏறும்.

ஹைட்ரஜனுக்குக் காத்திருக்காமல் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் 2015-இல் கொண்டுவந்த விதியின்படி, 2018 தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு ரிஃபைனரியும் தன் மதிலைச் சுற்றிலும் சிறு குழாய்களை மாட்டி வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பென்சீனை அளக்கிறது. ஆண்டுச் சராசரியில் கன மீட்டருக்கு 9 மைக்ரோகிராமைத் தாண்டினால் காரணத்தைத் தேடிக் கசிவை அடைத்தாக வேண்டும்; அளவுகள் பொதுமக்கள் பார்வைக்கு வருகின்றன. கைவிரல் நீளக் குழாய், உள்ளே உறிஞ்சும் துகள்கள், மேலே மழைக்கு ஒரு மூடி. கோடிக்கணக்கில் செலவாகும் விஷயமே இல்லை. பி.பி.சி.எல்.-லும் ஹெச்.பி.சி.எல்.-லும் அடுத்த மழைக்காலத்துக்குள் மாஹுல் மதிலில் அவற்றை மாட்டி, வாஷி நாக்காவில் மராத்தி, இந்தி, தமிழ் மூன்றிலும் அந்த எண்ணை எழுதி வைக்கலாம். அதற்கு 2040 வரை அவகாசம் தேவையில்லை.